பூனையின் பருவங்களும் உணவும்

மனிதரோடு ஒட்டி வாழும் உயிர்களுள், உணவு பற்றிய சிந்தனை மிகக் குறைவாகச் செலுத்தப்படுவது பூனைக்கே எனலாம். கறவைப் பசுவுக்குப் பிண்ணாக்கும் தவிடும் அளந்து வைக்கப்படுகின்றன. கன்று ஈன்ற பசுவுக்கு ஒருவகைத் தீனி, பால் வற்றிய பசுவுக்கு வேறுவகைத் தீனி என்ற பாகுபாடும் உண்டு. குஞ்சுக்கு இடும் தீனி வேறு, முட்டையிடும் கோழிக்கு இடும் தீனி வேறு என்பதை ஊர்ப்புறத்துச் சிறுவரும் அறிவர். பூனைக்கோ, அடுக்களையில் மிஞ்சிய சோறும் குழம்பும் ஒரு சிரட்டையில் இடப்பட்டால் போதும் என்பதே பொது வழக்கம். பால்குடி மறந்த குட்டிக்கும், குட்டிகளுக்குப் பாலூட்டும் தாய்க்கும், பல் விழுந்த கிழப்பூனைக்கும் அதே சிரட்டை, அதே சோறு.

இவ்வழக்கத்தினால் விளையும் தீங்கு உடனே கண்ணுக்குப் புலப்படுவதில்லை. குட்டி மெலிந்து போகிறது. பிறவியிலேயே நோஞ்சான் என்பர். நடுவயதுப் பூனை வழியில் கிடக்கும் பொருள்களில் முட்டிக்கொள்கிறது, வயதாகிவிட்டது என்பர். கிழப்பூனை ஒரு மூலையிற் சுருண்டு கிடந்து, ஒருநாள் இறந்து போகிறது. அதன் காலம் முடிந்தது என்பர். இத்தகைய இடர்களிற் பல ஊழினால் வருவன அல்ல. பூனையின் இயல்பையும் வயதையும் அறிந்து உணவிடுவோர் அவற்றுட் பெரும்பாலானவற்றைத் தவிர்த்துக்கொள்ளலாம்.

பூனைக்கு ஏற்ற உணவு யாது என்பதை அறிய விரும்புவோர் முதலில் அதன் குலத்தை அறிதல் வேண்டும். உலகெங்கும் உள்ள வீட்டுப் பூனைகள், மேற்காசியாவின் வறண்ட நிலங்களில் வாழும் காட்டுப்பூனை இனமொன்றின் வழிவந்தவை என்பதை 2007ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆய்வொன்று காட்டிற்று. சைப்பிரசுத் தீவில் ஏறக்குறைய 9,500 ஆண்டுகளுக்கு முந்திய மனிதப் புதைகுழி ஒன்றின் அருகே பூனையொன்றும் புதைக்கப்பட்டிருந்தமை 2004ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. மனிதன் தானியத்தை விளைத்துச் சேமித்தான். தானியத்தை நாடி எலி வந்தது. எலியை நாடிப் பூனை வந்தது. மனிதனோடு கூடி வாழ்ந்த நாய், காலப்போக்கில் மாப்பொருளைச் செரிக்கும் ஆற்றலை வளர்த்துக்கொண்டது. பூனையோ களஞ்சியத்தின் அருகே பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்தும் தன் பழைய உடலை மாற்றிக்கொள்ளவில்லை. அது இன்றும் ஊன் உண்டே வாழவேண்டிய பிராணியாகும்.

தாமே வேட்டையாடி உண்ணும் பூனைகளின் உணவை ஆராய்ந்தோர், அவை பெறும் சக்தியிற் பாதிக்கு மேற்பட்டது புரதத்திலிருந்தும், எஞ்சியதிற் பெரும்பகுதி கொழுப்பிலிருந்தும் வருவதையும், மாப்பொருளின் பங்கு 2 சதவீத அளவே என்பதையும் கண்டனர். ஒரு சுண்டெலி தரும் சக்தி ஏறக்குறைய 30 கலோரியாகும். வளர்ந்த பூனையொன்று நாளொன்றுக்கு ஏழெட்டுச் சுண்டெலிகளைத் தின்றாலன்றி அதன் தேவை நிறைவேறாது. ஆகவே, சிறுகச் சிறுகப் பலமுறை உண்பது அதன் இயல்பாயிற்று. சுண்டெலியின் உடலில் மூன்றில் இரண்டு பங்கு நீராதலின், பூனைக்கு வேண்டிய நீரிற் பெரும்பகுதி உணவோடு சேர்ந்தே கிடைத்துவிடுகிறது. இனிப்புச் சுவையை உணர்த்தும் மரபணு பூனையினத்தில் செயலற்றுப் போயிற்று என்பதும் 2005ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. சீனி கலந்த பாலைப் பூனை விரும்பிக் குடிப்பது பாலிலுள்ள கொழுப்பையும் புரதத்தையும் கருதியேயன்றி, இனிப்பைக் கருதியன்று.

ஊனில் மாத்திரம் கிடைக்கும் சில சத்துக்களைத் தன் உடலில் ஆக்கிக்கொள்ளும் ஆற்றல் பூனைக்கு இல்லை, அல்லது மிகக் குறைவு. கரட்டிலும் கீரையிலும் உள்ள மஞ்சள்நிறப் பொருளை மனித உடல் விற்றமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். பூனையின் உடல் அவ்வாறு மாற்றாது. அதற்கு ஈரல் முதலிய உறுப்புக்களிலிருந்தே அந்த விற்றமின் கிடைத்தல் வேண்டும். இவற்றினும் முக்கியமானது டோரின் என்னும் சத்தாகும். இது மீனிலும் இறைச்சியிலும் உண்டு. அரிசியிலும் பருப்பிலும் மரக்கறியிலும் இல்லை.

1975ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹேய்ஸ் என்னும் அறிஞரும் அவருடைய துணைவரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பாலிலிருந்து பிரித்தெடுத்த கேசீன் என்னும் புரதத்தை மட்டுமே புரதமாகக் கொண்ட உணவை உண்ட பூனைகளின் விழித்திரை படிப்படியாக அழிந்தது. டோரின் குறைவே அதற்குக் காரணம் என்பது அவ்வாய்வினால் வெளிப்பட்டது. பூனை கண்ணை மூடிக்கொண்டு பூலோகமே இருண்டுவிட்டதாக எண்ணும் என்பது பழமொழி. உணவின் குறையினால் பூனைக்குப் பூலோகம் மெய்யாகவே இருண்டுபோவதுண்டு என்பதை அவ்வாய்வு உணர்த்திற்று. அவ்விதம் அழிந்த பார்வை மீள்வதில்லை.

1987ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போல் பியோன் என்பாரும் அவருடைய துணைவரும் இதயம் பற்றிய உண்மையொன்றை வெளியிட்டனர். பூனைகளின் இதயத்தசை தளர்ந்து விரிந்து அவற்றைக் கொன்றுவந்த நோயொன்றுக்கும் டோரின் குறைவே பெரும்பாலும் காரணம் என்றும், உரிய காலத்தில் அச்சத்தைக் கொடுத்தால் இதயம் மீண்டும் வலுப்பெறும் என்றும் அவர்கள் காட்டினர். அந்நோய்க்கு ஆளான பூனைகளிற் பல, கடைகளில் விற்கப்பட்ட பூனை உணவை உண்டு வளர்ந்தவை. அதன்பின்னரே உற்பத்தியாளர் தம் உணவில் டோரினை மிகுதியாகச் சேர்க்கலாயினர், அந்நோயும் அருகிற்று.

பூனையின் பொது இயல்பு இதுவாக, இனி ஒவ்வொரு பருவத்துக்கும் உரிய தேவையை நோக்கலாம்.

பிறந்த குட்டியின் நிறை ஏறக்குறைய 100 கிராம். அதற்கு உரிய ஒரே உணவு தாய்ப்பால். பிறந்த முதல் நாளிற் சுரக்கும் சீம்பாலில் நோய்களை எதிர்க்கும் பொருள்கள் உள்ளன. அவற்றைக் குட்டியின் குடல் ஏறக்குறைய முதல் பதினாறு மணித்தியாலங்களுக்குள் மாத்திரமே உறிஞ்சிக்கொள்ளும். ஆதலின், பிறந்த குட்டிகளை எடுத்து விளையாடுவதும், தாய்ப்பூனையை அப்பால் விரட்டுவதும் அவற்றின் பிற்கால நலனுக்கே கேடு செய்வனவாகும். நலமுள்ள குட்டி நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து கிராம் வீதம் நிறை கூடும். சமையலறைத் தராசில் அதனை நாள்தோறும் நிறுத்துப் பார்த்தல் எளிது. இரண்டு நாள் தொடர்ந்து நிறை கூடவில்லையாயின் ஏதோ குறை உண்டு என்று கொள்ளல் வேண்டும்.

தாயை இழந்த குட்டிகளுக்குப் பசுப்பால் கொடுப்பது பலரின் வழக்கம். பூனைப்பாலில் உள்ள புரதம் பசுப்பாலில் உள்ளதைப் போல் இரு மடங்குக்கு மேற்பட்டது. நீர் கலந்த பசுப்பாலைக் கொடுக்குமிடத்துக் குட்டியின் வயிறு நிறையும், உடல் வளராது, பெரும்பாலும் வயிற்றோட்டமும் காணும். பூனைக்குட்டிகளுக்கென ஆக்கப்படும் பால்மாவே ஏற்றது. முதல் இரண்டு கிழமைகளில் இரவு பகலாக இரண்டு முதல் நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இளஞ்சூட்டில் அதனை ஊட்டுதல் வேண்டும். குட்டியை மல்லாத்திப் பிடித்து ஊட்டினால் பால் நுரையீரலுட் புகுதல் கூடும். தாயிடம் குடிப்பதுபோல் குப்புறக் கிடத்தியே ஊட்டுதல் தகும். குளிர்ந்து விறைத்த குட்டிக்கு உடல் சூடேறும் வரை பால் கொடுத்தலாகாது. குளிர்ந்த உடல் பாலைச் செரிப்பதில்லை. ஊட்டிய பின்னர் ஈரப்பஞ்சினால் அடிவயிற்றுக்குக் கீழே மெல்லத் துடைத்துவிட்டாலன்றிச் சிறுகுட்டிகள் மலசலம் கழியா. தாய்ப்பூனை நாவினாற் செய்யும் வேலை அதுவாகும்.

மூன்றாம் கிழமையளவில் பாற்பற்கள் முளைக்கத் தொடங்குகின்றன. நான்காம் கிழமை முதல் மென்மையான உணவைப் பழக்கலாம். அவித்து முள் நீக்கிய மீனையோ கோழியிறைச்சியையோ மசித்து, அவித்த நீரையும் கலந்து, தட்டையான பாத்திரத்தில் வைத்தல் நன்று. எட்டாம் கிழமையளவில் பால்குடி முற்றாக மறக்கும். அதன்பின்னர்ப் பாலைச் செரிக்கும் ஆற்றல் படிப்படியாகக் குறைகின்றது. வளர்ந்த பூனைக்குப் பால் தேவையே இல்லை. சிறிதளவு பால் தீங்கு செய்யாத பூனைகளும் உண்டு. ஆயினும், பாலை உணவாகக் கொள்ளாது, நீரே அதன் பானம் என்று கொள்வது பொருந்தும்.

பால்குடி மறந்தது முதல் ஓராண்டு வரை உள்ள காலமே வாழ்நாள் முழுவதற்கும் அடித்தளம் இடப்படும் காலமாகும். இக்காலத்துக் குட்டிக்குத் தன் நிறைக்கேற்பப் பெரிய பூனையைப் போல் இரண்டு மூன்று மடங்கு சக்தி தேவை. ஆனால் அதன் இரைப்பையோ சிறியது. ஆறு மாதம் வரை நாளொன்றுக்கு மூன்று நான்கு முறையும், பின்னர் இரண்டு மூன்று முறையும் உணவிடுதல் வேண்டும். அமெரிக்காவிற் கைக்கொள்ளப்படும் உணவு விதிகள், நீர் நீக்கிய உணவிற் புரதத்தின் பங்கு வளரும் குட்டிக்குக் குறைந்தது 30 சதவீதமும், வளர்ந்த பூனைக்குக் குறைந்தது 26 சதவீதமும் இருத்தல் வேண்டும் என்கின்றன.

சிலர் அன்பு மிகுதியால் குட்டிக்குத் தசையிறைச்சி மாத்திரம் ஊட்டுவர். இதிலும் ஓர் இடர் உண்டு. தசையிறைச்சியில் பொசுபரசு மிகுதி. கல்சியம் மிகக் குறைவு. எலியைத் தின்னும் பூனை எலும்பையும் சேர்த்துத் தின்கின்றது. எலும்பில்லாத் தசையை மட்டும் தின்னும் குட்டியின் உடல், வேண்டிய கல்சியத்தைத் தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அதனால் எலும்பு மெலிந்து வளையும். கதிரையிலிருந்து குதித்தாலும் முறியும். சூடை, நெத்தலி போன்ற சிறுமீன்களை முள் மெத்தெனக் கரையும்வரை அவித்துக் கொடுப்பது இக்குறையை ஓரளவு நீக்கும். பெரிய எலும்புகளைச் சமைத்துக் கொடுத்தலாகாது. அவை கூராகச் சிதறிக் குடலைக் கிழிக்கும்.

ஓராண்டு நிறைந்த பூனையை வளர்ந்த பூனை எனலாம். நான்கு கிலோகிராம் நிறையுள்ள வீட்டுப் பூனைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 200 முதல் 250 கலோரி சக்தி போதுமானது. ஒரு கோப்பைச் சோற்றில் ஏறக்குறைய 200 கலோரி உண்டு. புரதமோ நான்கு கிராம் அளவே. பூனைக்கு வேண்டிய புரதம் அதனைப் போல் நான்கு மடங்காகும். சோற்றினால் வயிறு நிறைந்த பூனை, பசியில்லாமலே பட்டினி கிடக்கின்றது என்பதை இக்கணக்குத் தெளிவாக்கும். சோற்றைத் தள்ளிவிட்டு மீனை மாத்திரம் பொறுக்கித் தின்னும் பூனையைச் செல்லம் முற்றியது என்று கடிந்துகொள்வாரும் உளர். அது தன் உடல் கேட்பதையே தேடுகிறது.

மீன் நல்லுணவாயினும் மூன்று செய்திகளை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். முதலாவது, சில மீன் இனங்களின் பச்சைத் தசையிலும் குடலிலும் தயமின் என்னும் விற்றமினை அழிக்கும் நொதி உண்டு. அத்தகைய பச்சை மீனையே நெடுநாள் உண்ணும் பூனை உணவை வெறுக்கும்; பின்னர் தள்ளாடும்; கழுத்து முன்புறம் வளைந்து தொங்கும்; வலிப்பும் வரும். அவித்தால் அந்நொதி அழிந்துவிடும். இரண்டாவது, கொழுப்பு மிகுந்த மீனையே நாள்தோறும் தின்னும் பூனைக்கு விற்றமின் ஈ குறைந்து, உடற்கொழுப்பு மஞ்சளாகிப் புண்படும். தொட்டாலும் அது வலியால் அலறும். ஆகவே, மீனோடு கோழி, முட்டை ஆகியவற்றையும் மாற்றி மாற்றிக் கொடுத்தல் வேண்டும். மூன்றாவது, டோரின் நீரிற் கரைவது. மீனையோ இறைச்சியையோ அவித்த நீரைக் கொட்டிவிட்டுத் தசையை மாத்திரம் கொடுப்போர் சத்தின் ஒரு பங்கையும் கொட்டிவிடுகின்றனர். அந்நீரையும் சேர்த்தே கொடுத்தல் நன்று. கோழியின் இதயத்தில் டோரின் மிகுதியாக உண்டு. ஈரலும் நல்லதேயாயினும், நாள்தோறும் மிகுதியாகக் கொடுத்தால் விற்றமின் ஏ அளவுக்கு மிஞ்சி, கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று பொருந்தி இறுகும்.

குழம்பு பற்றித் தனியே கூறுதல் வேண்டும். வெங்காயமும் உள்ளியும் பூனைக்கு நஞ்சாகும். பச்சையாயினும் சமைத்ததாயினும் அவை செங்குருதிக் கலங்களைச் சிதைத்துச் சோகையை உண்டாக்கும். யாழ்ப்பாணத்து அடுக்களையிலாயினும் மட்டக்களப்பு அடுக்களையிலாயினும் அவை சேராத மீன்குழம்பைக் காண்டல் அரிது. சோற்றிற் குழம்பை ஊற்றிப் பூனைக்கு வைப்பது, சோறு மாத்திரம் வைப்பதிலும் கேடானது. மீனைக் குழம்பிற் போடுமுன், பூனையின் பங்கை எடுத்து உப்பும் புளியும் தூளும் சேர்க்காமல் வேறாக அவித்தல் அதிக வேலையன்று. உப்பு மிகுந்த கருவாட்டையும் தவிர்த்தல் தக்கது.

இனவிருத்தியைத் தடுக்கும் சத்திரசிகிச்சை செய்யப்பெற்ற பூனைகளுக்குச் சக்தித் தேவை ஏறக்குறைய கால்பங்கு குறைகின்றது, பசியோ மிகுகின்றது. முன்னைய அளவையே தொடர்ந்து கொடுத்தால் சில மாதங்களில் அவை பருத்துவிடும். விலாவெலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து நோக்கின் இடை ஒடுங்கித் தோன்ற வேண்டும். இவை தெரியாவிடின் அளவைக் குறைக்கலாம். ஆயினும், பருத்த பூனையைத் திடீரெனப் பட்டினி போடுதல் பேராபத்து. இரண்டு மூன்று நாள் உண்ணாத பருத்த பூனையின் ஈரலிற் கொழுப்புப் படிந்து, அது உயிரையே மாய்த்தல் கூடும். எந்த உணவையும் ஒரு கிழமை முதல் பத்து நாள் வரை பழையதோடு கலந்து கலந்தே மாற்றுதல் வேண்டும்.

எலி பிடிக்க வேண்டுமாயின் பூனையைப் பசியோடு வைக்க வேண்டும் என்ற கருத்தும் ஊரில் உண்டு. பூனையின் வேட்டையுணர்ச்சி பசியை மாத்திரம் பற்றியதன்று. வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும். வலுவுள்ள பூனையே நன்கு வேட்டையாடும் என்பதும் எவர்க்கும் விளங்கும்.

சினைப்பூனையின் காலம் ஏறக்குறைய ஒன்பது கிழமைகள். சினைப்பட்ட தொடக்கத்திலிருந்தே அதன் நிறை கூடுகின்றது. இறுதிக் கிழமைகளில் முன்னையதிலும் கால்பங்கு முதல் அரைப்பங்கு வரை மிகுதியாக உண்ணும். பாலூட்டும் காலமோ அதனினும் கடுமையானது. குட்டிகள் மூன்று நான்கு கிழமை வயதை அடையுமிடத்துத் தாயின் தேவை வழக்கமான அளவிலும் இரண்டு மூன்று மடங்காகின்றது. வளரும் குட்டிக்குரிய செறிந்த உணவையே இக்காலத்துத் தாய்க்கும் கொடுத்தல் வேண்டும். வேண்டும்போதெல்லாம் உண்ண விடுதல் வேண்டும். தாய்க்குக் குறைவது குட்டிக்கும் குறையும். குட்டிகள் ஒவ்வொன்றாக இறந்து போகும் வீட்டில், தாய்ப்பூனையின் பாத்திரத்தையும் நோக்குதல் நலம்.

பத்து வயதைக் கடந்த பூனை முதுமையை அடைகின்றது. வயதானால் உணவைக் குறைக்க வேண்டும், புரதத்தையும் குறைக்க வேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். கிழப்பூனைகளிற் பலவற்றுக்குக் கொழுப்பையும் புரதத்தையும் செரிக்கும் ஆற்றல் குன்றுகின்றது. முன்னைய அளவை உண்டும் அவை மெலிவது இதனாலேயாகும். ஆகவே, நோயற்ற கிழப்பூனைக்கு எளிதிற் செரிக்கும் நல்ல புரதமே தேவை. பல்லும் மோப்பமும் தளர்ந்திருக்குமாதலின், உணவை மசித்து இளஞ்சூடாக்கி, சிறிது சிறிதாகப் பலமுறை கொடுத்தல் நன்று. சூட்டினால் எழும் மணம் அதன் பசியைத் தூண்டும்.

முதுமையில் வரும் நோய்களுள் சிறுநீரக நோய் பெருவழக்கானது. மிகுதியாக நீர் குடித்தலும், மிகுதியாகச் சிறுநீர் கழித்தலும், மெலிதலும் அதன் அறிகுறிகள். அந்நோய் உண்டெனச் சோதனையிற் கண்டால், பொசுபரசு குறைந்த உணவை மிருக வைத்தியர் விதிப்பார். சோதனையின்றித் தாமே புரதத்தைக் குறைப்போர் பூனையின் தசையையே குறைக்கின்றனர். நன்றாக உண்டும் மெலியும் கிழப்பூனைக்குத் தைரொயிட்டுச் சுரப்பி மிகைப்பட்டிருத்தல் கூடும். பூனைகளில் இந்நோய் 1979ஆம் ஆண்டிலேயே முதன்முதல் விவரிக்கப்பட்டது. இன்று அதற்கு மருந்து உண்டு. மாதந்தோறும் பூனையை நிறுத்துப் பார்ப்போர் இவற்றை முன்கூட்டியே அறிவர்.

எல்லாப் பருவத்துக்கும் பொதுவானது நீர். வறண்ட நிலத்தில் தோன்றிய பூனை தாகத்தை எளிதில் உணர்வதில்லை. உலர்ந்த உணவை மாத்திரம் உண்ணும் பூனைகளுக்கு ஈரமான உணவையும் சேர்த்துக் கொடுத்தல் வேண்டும். ஆண்பூனை சிறுநீர் கழிக்க முயன்று முயன்று முடியாமல் வருந்துமாயின், அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லல் வேண்டும்; ஒருநாட் தாமதமும் உயிரைப் பறிக்கும்.

சைவ உணவு மாத்திரம் சமைக்கும் இல்லங்களில் இவற்றை எவ்வாறு கைக்கொள்வது என்ற கேள்வி எழும். கொல்லாமையைப் பேணும் வீட்டார் பூனைக்குப் பாற்சோறும் தயிர்ச்சோறும் இடுவது கருணையினாலேயே. ஆயினும், பூனை நோன்பு பூண்ட உயிரன்று. தன் உடலில் ஆக்க முடியாத சத்து கிடைக்காதவிடத்து அது கண்ணை இழக்கும், இதயம் தளரும். அத்தகைய வீட்டார் அடுக்களையில் மீன் சமைக்க வேண்டியதில்லை. கடைகளில் விற்கும் பூனை உணவை வாங்கிக் கொடுக்கலாம். வாங்கும்போது உறையை நன்கு வாசித்தல் வேண்டும். முழுமையான, சமநிலையான உணவு என்று பொறித்திருத்தல் வேண்டும்; எந்த வயதுக்குரியது என்பதும் குறித்திருத்தல் வேண்டும். இடையிடையே கொடுக்கும் தின்பண்டங்களை முழு உணவாகக் கொள்ளலாகாது. நாய்க்குரிய உணவு பூனைக்கு ஆகாது. அதிற் புரதமும் டோரினும் பூனைக்குப் போதிய அளவில் இரா.

வசதி குறைந்த வீட்டாரும் அஞ்ச வேண்டியதில்லை. பூனையின் தேவை தரத்தாற் பெரிது, அளவாற் சிறிது. நூறு கிராம் அளவான அவித்த மீனோ கோழியோ ஒருநாட் புரதத்துக்குப் போதும். முழுவதும் வாங்க இயலாதோர், நாளில் ஒருவேளையேனும் வயதுக்குரிய முழு உணவைக் கொடுத்து, மறுவேளை வேறாக அவித்த மீனையும் அதன் நீரையும் கொடுக்கலாம். அந்த மீனோடு ஒரு பிடி சோறு சேர்ந்தாற் குற்றமில்லை. சோற்றோடு ஒரு துளி மீன் என்பதே குற்றம். குட்டிக்குப் பலமுறை, தாய்க்குப் பன்மடங்கு, நடுவயதுக்கு அளவோடு, முதுமைக்கு மென்மையாக என்ற முறையை வீட்டார் மனத்திற் கொண்டால், நாள்தோறும் காலைச் சுற்றி வரும் அவ்வுயிர் பதினைந்து ஆண்டுக்கு மேலும் கண்ணொளியோடு அவ்வீட்டில் வாழ்தல் கூடும்.